நெடுவில்லும் குறுவில்லும்



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும் நெடிய வில் ஒன்று. நிறுத்தி வைத்தால் நம் மார்பைக்கூட எட்டாத குறுகிய வில் ஒன்று. இவ்விரண்டையும் உங்கள் முன்னே வைத்து, "எது அம்பை வெகுதூரம் செலுத்தும்?" என்று கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? உங்களுள் பெரும்பாலோர் நெடுவில்லைத்தான் சுட்டிக் காட்டுவீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு, வகுப்பறையில் நின்றுகொண்டு நானும் அவ்வாறே கூறினேன். கூறியது தவறாயிற்று. அத்தவறு எனக்குக் கற்பித்த பாடத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அப்போது நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஆண்டு விழாவில் மாணவர்கள் இராமாயண நாடகம் ஒன்றை நடத்த ஏற்பாடாகியிருந்தது. இராமனாக நடிக்கும் பையனுக்கு மூங்கிலைப் பிளந்து நெடியதொரு வில் செய்து கொடுத்தோம். அவனோ குட்டையானவன். வில் தரையில் இடிக்கிறது என்று கண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் இரு முனையிலும் ஒவ்வொரு சாண் அறுத்துவிட்டான். மறுநாள் நான் கடிந்துகொண்டேன். "நீண்ட வில்லுக்குத்தான் வலிமை அதிகம், தம்பி. நல்ல வில்லை வீணாக்கிவிட்டாயே!" என்றேன். அவன் தலை குனிந்தபடி, "இல்லை ஐயா, அறுத்த பிறகுதான் அம்பு வேகமாகப் போகிறது" என்றான். விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்று எய்தும் காட்டினான். உண்மையே! அம்பு முன்னையினும் வெகு தொலைவில் சென்று விழுந்தது. நான் வாயடைத்துப் போனேன்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அதை ஒரு வேடிக்கை என்றே மறந்திருப்பேன். மூன்று நாள் கழித்து ஒத்திகையின்போது அவன் வழக்கம்போல் நாணைக் காதுவரை இழுத்தான். பிடியை அடுத்த இடத்தில் வில் படாரென்று முறிந்தது. தெறித்த சிம்பு ஒன்று அவன் புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே! அந்த ஒரு விரற்கடைதான் அவன் பார்வையைக் காத்தது. வில்லைக் குறுக்கினால் அம்பு விரைந்து செல்லும் என்று அவன் கண்டது மெய். வில்லைக் குறுக்கியதால் கேடு விளைந்ததும் மெய். ஆனால் இவ்விரண்டிற்கும் காரணம் என்ன என்பதை அவனும் அறியான். அவனுக்கு ஆசிரியனாக நின்ற நானும் அறியேன். அன்று தொடங்கிய ஆராய்ச்சிதான் என்னை உலக வரலாற்றின் பல பக்கங்களுக்கு இட்டுச் சென்றது.

முதலில் வில்லின் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். நடுவே கையால் பற்றும் இடம் பிடி. பிடிக்கு மேலும் கீழும் வளைந்து கொடுக்கின்ற பகுதிகள் இரண்டு. அவற்றை இப்பேச்சில் 'கிளைகள்' என்று வழங்குவோம். கிளைகளின் நுனிகளை இணைப்பது நாண். பிடி வளைவதில்லை; கிளைகள் வளைகின்றன. ஆகவே வில்லின் முழு நீளத்தை மட்டும் அளந்தால் போதாது. அந்நீளத்தில் வளையாத பகுதி எவ்வளவு, வளையும் பகுதி எவ்வளவு என்று பிரித்து அளத்தல் வேண்டும். வில்லைப் பற்றிய மயக்கங்களிற் பாதி, இவ்வாறு பிரித்துப் பாராமையால் எழுந்தவையே.

நம் பாடநூல்களில் 'ஸ்பிரிங்' என்பதைச் 'சுருள்வில்' என்று வழங்குகிறோம். எத்துணைப் பொருத்தமான பெயர்! வில் என்பது ஆற்றலைச் சேர்த்து வைக்கும் ஒரு பண்டகசாலை. நாணை மெல்ல இழுக்கும்போது நம் தசைகள் செய்யும் வேலை கிளைகளில் சேர்கிறது. நாணை விட்டதும், சேர்ந்தது முழுவதும் இமைப்பொழுதில் வெளிப்படுகிறது. எவ்வளவு சேர்கிறது என்பது இரண்டு செய்திகளைப் பொறுத்தது. ஒன்று, எவ்வளவு விசையுடன் இழுக்கிறோம் என்பது. மற்றொன்று, எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பது.

பேச்சுக்காக ஓர் எளிய கணக்கு போடுவோம். இரண்டு விற்கள். இரண்டிலும் விசை சுழியிலிருந்து சீராக ஏறி, முழு இழுப்பில் 200 நியூட்டன் ஆகிறது. குறுவில்லை 50 சென்டிமீட்டரும் நெடுவில்லை 70 சென்டிமீட்டரும் இழுக்க முடிகிறது என்று கொள்வோம். சராசரி விசை 100 நியூட்டன். எனவே குறுவில்லில் சேரும் ஆற்றல் 50 ஜூல். நெடுவில்லில் 70 ஜூல். "பார்த்தீர்களா, நெடுவில்லே வென்றது!" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். பண்டகசாலையில் சேர்ந்த நெல் முழுவதும் சந்தைக்குப் போய்ச் சேருமா? வண்டி மாட்டுக்கும் தீனி போட வேண்டாமா? நாணை விட்டதும் அம்பு மட்டுமா ஓடுகிறது? கிளைகளும் ஓடுகின்றன. நீண்டு கனத்த கிளைகளை முன்னோக்கி விரட்டவே ஆற்றலின் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. நெடுவில்லில் அவ்வாறு நூற்றுக்கு 40 பங்கும், இலேசான குறுவில்லில் நூற்றுக்கு 20 பங்கும் கழிவதாகக் கொண்டால், அம்புக்குக் கிடைப்பது நெடுவில்லில் 42 ஜூல். குறுவில்லில் 40 ஜூல். ஏறத்தாழச் சமம்! சேமிப்பில் நெடியது வென்றது; சிக்கனத்தில் குறியது வென்றது. வில்லின் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வழக்குத்தான்.

குறுவில்லுக்கு வேறு இரண்டு இடர்கள் உண்டு. நாணை இழுக்க இழுக்க, நாணுக்கும் கிளை நுனிக்கும் இடையே உள்ள கோணம் விரிகிறது. குறுகிய கிளைகளில் அது விரைவில் செங்கோணத்தைத் தாண்டிவிடும். பிறகு நாம் கிளையை வளைப்பதை விட்டு, அதன் நீளப்போக்கிலேயே இழுக்கத் தொடங்கிவிடுகிறோம். அதனால் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் இழுவிசை திடீரென்று மலைபோல் ஏறும். கை நடுங்கும், குறி தவறும். இது முதல் இடர். இரண்டாவது, அதே தூரத்துக்கு இழுக்கும்போது குறுகிய கிளை அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது. மரத்தின் முதுகுப்புறம் நீள்கிறது, வயிற்றுப்புறம் அமுங்குகிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்தால் மரம் முறியும். என் மாணவனின் மூங்கில் வில்லுக்கு நேர்ந்தது இதுவே. கிளைகளை அறுத்ததால் அவை விறைத்தன, இழுவிசை ஏறிற்று, நுனிகளின் சுமை குறைந்தது, அம்பு பறந்தது. ஆனால் அவன் கைகளின் நீளம் குறையவில்லையே! முன்போலவே காதுவரை இழுத்தான். மூங்கில் தாங்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். கி.மு. 326-ஆம் ஆண்டு. அலெக்சாந்தர் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனை எதிர்த்து நின்றான். அக்கால இந்திய வில்லாளிகளைப் பற்றிக் கிரேக்க ஆசிரியர் அர்ரியன் எழுதிவைத்துள்ள செய்தி வியப்பூட்டுவது. அவர்களுடைய வில் வில்லாளியின் உயரமே இருந்ததாம். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்திக்கொண்டு, நாணை வெகுதூரம் பின்னே இழுத்து எய்வார்களாம். அம்பின் நீளம் ஏறத்தாழ மூன்று முழம். அதைக் கேடயமும் தடுக்காது, மார்புக்கவசமும் தடுக்காது என்கிறார் அவர். நீண்ட கிளை, நீண்ட இழுப்பு, கனத்த அம்பு என்ற மூன்றும் இங்கே ஒன்று சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அந்த வில் ஏன் அன்று வெற்றி தேடித் தரவில்லை? உரோம ஆசிரியர் கர்ட்டியஸ் ஒரு காரணம் கூறுகிறார். போருக்கு முன் பெய்த மழையால் தரை வழுக்கியது. நெடிய, கனத்த வில்லை ஊன்றுவதற்கு உறுதியான மண் கிடைக்கவில்லை. வில்லாளி வில்லை நிலைநிறுத்துவதற்குள் பகைவன் நெருங்கிவிட்டான். போரின் முடிவுக்கு வேறு காரணங்களும் பல உண்டு. குதிரைப்படையின் சூழ்ச்சி அவற்றுள் தலையாயது. எனினும், ஒரு கருவியின் வலிமை அக்கருவியில் மட்டும் இல்லை, அது ஊன்றி நிற்கும் நிலத்திலும் இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

நெடுவில்லின் புகழ் உச்சியை எட்டியது இங்கிலாந்தில். 1346-இல் கிரெசி, 1356-இல் பொய்த்தியே, 1415-இல் அஜின்கோர்ட் என்று பிரெஞ்சு மண்ணில் நிகழ்ந்த மூன்று போர்களிலும் ஆங்கில வில்லாளிகளின் கை ஓங்கி நின்றது. ஆயினும் அந்த விற்கள் உண்மையில் எத்தகையவை என்பது நெடுங்காலம் எவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. மரத்தாலான பொருளல்லவா? மக்கிப் போயிற்று. விடை கடலுக்கடியில் காத்துக் கிடந்தது. எட்டாம் ஹென்றி மன்னனின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1545-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய சாலண்ட் நீரிணையில் மூழ்கிற்று. 437 ஆண்டுகள் கழித்து, 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், அதன் உடற்பகுதி மேலே தூக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து கிடைத்த முழு விற்கள் மட்டும் 137. அம்புகள் மூவாயிரத்துக்கும் மேல். கடலடிச் சேறு அவற்றைக் காற்றுப் படாமல் காத்து வைத்திருந்தது.

அவற்றை அளந்தபோது நீளம் 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை இருந்தது. சராசரி 1.98 மீட்டர், அதாவது ஆறரை அடி. இழுவிசை 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இன்று ஒலிம்பிக் பந்தயத்தில் எய்யும் வீரர் இழுக்கும் விசை ஏறத்தாழ 50 பவுண்டு என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! அந்த விற்களில் பிடி என்று தனியே விறைப்பான பகுதி இல்லை என்பது கருதத்தக்கது. முழு நீளமும் சிறிது சிறிதாக வளைந்தது. கையால் பற்றும் இடமும் சற்றே வளைந்தது. ஏன்? வளைவை எவ்வளவு நீளத்தில் பகிர்ந்தளிக்கிறோமோ, அவ்வளவுக்கு ஒவ்வோர் இடத்திலும் மரத்தின் துன்பம் குறைகிறது. ஒரு பெரும் பாரத்தைப் பத்துப் பேர் பகிர்ந்து சுமப்பதைப் போன்றது இது.

அம்மரம் 'யூ' என்னும் மரம். அதன் வெளிப்புறத்து வெள்ளை மரம் இழுப்பைத் தாங்கும். உட்புறத்துச் செம்மரம் அமுக்கத்தைத் தாங்கும். இவ்விரண்டும் ஒரே கட்டையில் அமைந்தது இயற்கையின் கொடை. இங்கிலாந்தில் நல்ல யூ மரம் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆகவே 1472-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சரக்கேற்றி வரும் கப்பல்கள், சரக்கின் ஒவ்வொரு 'டன்' அளவுக்கும் நான்கு வில்கட்டைகளைக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் வாணிகச் சட்டத்தையே வில்லின் கிளை வளைத்தது என்றால் மிகையன்று.

ஆங்கிலேயர் ஆறரை அடி வில்லை வளைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆசியாவின் புல்வெளிகளில் வேறொரு மரபு தழைத்திருந்தது. குதிரைமேல் அமர்ந்து எய்பவனுக்கு ஆறரை அடி வில் எதற்குதவும்? வில்லின் கீழ்முனை குதிரையின் முதுகில் இடிக்கும். இடப்புறமிருந்து வலப்புறம் மாற்றவே இயலாது. அவனுக்குக் குறுவில் வேண்டும். ஆனால் அவன் கைகளும் மற்றவர் கைகளைப் போலவே நீளமானவை. அவனும் நாணைத் தாடைவரை இழுத்தாக வேண்டும். குறுகிய மரம் இத்தனை வளைவைத் தாங்காது. இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததுதான் கூட்டு வில்.

கூட்டு வில்லின் நடுவே மெல்லிய மரம். வயிற்றுப்புறத்தில் எருமைக் கொம்புத் தகடு. முதுகுப்புறத்தில் விலங்குகளின் தசைநார். இவை அனைத்தையும் ஒட்டுவது விலங்குப் பொருளிலிருந்து காய்ச்சிய பசை. கொம்பு அமுக்கத்தைத் தாங்குவதில் மரத்தை விஞ்சியது. நார் இழுப்பைத் தாங்குவதில் மரத்தை விஞ்சியது. இழுக்கும் தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாத நீளம், மரத்தாலான வில்லுக்குத் தேவை என்பது வில் செய்வோர் கணக்கு. மேரி ரோஸ் விற்களை அவற்றின் அம்பு நீளமாகிய ஏறத்தாழ 76 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால், வில் இரண்டரை மடங்குக்கு மேல் வருகிறது. துருக்கியரின் கூட்டு வில்லோ ஏறக்குறைய 110 சென்டிமீட்டர்; இழுப்பு 70 சென்டிமீட்டர் அளவு. ஒன்றரை மடங்கைச் சற்றே கடக்கிறது! மரம் கனவிலும் தாங்காத வளைவு இது. நாணைக் கழற்றிவிட்டால் அவ்வில் எதிர்ப்புறமாக வளைந்து சுருண்டு கொள்ளும். அதாவது, நாண் ஏற்றும்போதே பெரும் ஆற்றல் அதில் சேர்ந்துவிடுகிறது.

விளைவு என்ன? கி.மு. 53-இல் கார்ரே என்னுமிடத்தில் கிராசஸின் உரோமப் படையைப் பார்த்தியரின் குதிரை வில்லாளிகள் சிதறடித்தார்கள். செங்கிஸ்கானின் தம்பி மகனாகிய எசுங்கே 335 பாகத் தொலைவுக்கு அம்பு எய்ததைப் போற்றும் கல்வெட்டு, இன்றும் உருசியாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாகம் என்பது, இரு கைகளையும் விரித்து நீட்டிய அளவு. அக்காலத்தில் துருக்கியரின் தலைநகராக விளங்கிய இஸ்தான்புல்லில் 'ஓக் மெய்தான்', அதாவது அம்புத் திடல், என்றே ஓரிடம் உண்டு. அங்கே அம்பு விழுந்த இடங்களில் கல் நாட்டினார்கள். 1798-இல் சுல்தான் மூன்றாம் செலீம் எய்த அம்பு ஏறத்தாழ 889 மீட்டர் சென்றதாகப் பதிவு உள்ளது. 1790-களில் இலண்டனில் இருந்த துருக்கித் தூதரகச் செயலர் மகமூத் எபெண்டி, தம் குறுவில்லால் 482 கெஜத் தொலைவுக்கு எய்து காட்டியபோது, நெடுவில்லின் நாட்டினரான ஆங்கில வில்லாளிகள் திகைத்து நின்றார்கள்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் குறுவில்லே சிறந்தது" என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். தொலைவுப் பந்தயத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை மிக மிக இலேசான அம்புகள். இலேசான அம்பை விரைவாகச் செலுத்த, இலேசான கிளை நுனி வேண்டும். அதைத் துருக்கி வில் அளித்தது. மேரி ரோஸ் வில்லோ கவசத்தை இடிக்கும் கனத்த அம்புக்கு அமைந்தது. கனத்த அம்பு, வில்லில் சேர்ந்த ஆற்றலில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும்; கிளைகளோடு வீணாவது குறையும். மேலும், கூட்டு வில் ஒன்றைச் செய்து உலர்த்தி முடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். அதன் பசைக்கு ஈரம் பகை. மழையும் கடற்காற்றும் மிகுந்த நாட்டில், கப்பல் தளத்தில், ஒரே கட்டையிலிருந்து செதுக்கிய யூ வில்லே நம்பத்தக்க துணை. அவரவர் நிலமும் வானமும் அவரவர் வில்லை வடித்தன.

கூட்டு விற்களுள்ளும் பேதம் உண்டு. சீனத்தை ஆண்ட மஞ்சூரியரின் வில் பெரியது; அதன் கிளை நுனிகளில் நீண்டு விறைத்த மரக்காதுகள் இருந்தன. அவை நெம்புகோல் போல் இயங்கி, நாணின் கோணம் விரியாமல் தடுத்து, இழுப்பை எளிதாக்கும். ஆனால் அவற்றின் எடை இலேசான அம்புக்கு இடையூறு. சாக்ஸ்டன் போப் என்னும் அமெரிக்க மருத்துவர் பல நாட்டு விற்களை எய்து சோதித்து, 1923-இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். 1911-இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்ட 'யாகி' இனத்தின் கடைசி மனிதரான இஷியிடம் வில் வித்தை கற்றவர் அவர். அத்தகைய பெருங் கூட்டு வில்லொன்று ஏறத்தாழ நூறு பவுண்டு இழுவிசை உடையதாயிருந்தும், இலேசான அம்பைத் தொலைவுக்குச் செலுத்துவதில் ஏமாற்றம் அளித்ததை அவர் கண்டார். இன்னொன்றும் செய்தார். பழைய ஆங்கில நெடுவில்லின் பிரதி ஒன்றைச் செய்து எய்தார். பிறகு அதையே வெட்டிக் குறுக்கி எய்தார். குறுக்கக் குறுக்க இழுவிசை ஏறிற்று. அம்பும் மேலும் தொலைவு சென்றது. என் பள்ளி மாணவன் மூங்கிலில் கண்டதை அந்த அறிஞர் யூ மரத்தில் கண்டிருந்தார். இதைப் படித்த நாளன்று, அந்தப் பையனிடம் மனத்திற்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிடி எங்கே இருக்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. நடுவில்தான் என்பீர்கள். சப்பானியரின் வில் ஏழு அடிக்கு மேல் நீண்டது. அதன் பிடியோ கீழ்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. மேற்கிளை நீளம், கீழ்க்கிளை குட்டை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டுச் சீன வரலாற்றுக் குறிப்பே, அந்நாட்டார் வில் மேலே நெடிதும் கீழே குறிதும் ஆனது என்று கூறுகிறது. இவ்வமைப்பால், நெடுவில்லின் மென்மையான இழுப்பும் கிடைத்தது. மண்டியிட்டோ குதிரைமேல் அமர்ந்தோ எய்யவும் முடிந்தது.

பிடியை விறைப்பாக்கும் கலையும் பழமையானதே. டென்மார்க்கில் ஹோல்மகோர் என்னும் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த எல்ம் மர விற்கள், ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அவற்றின் கிளைகள் அகன்று தட்டையாக உள்ளன. பிடி குறுகித் தடித்துள்ளது. கைக்கு அடக்கமாகப் பிடியைக் குறுக்கினால் அது பலவீனமாகும். ஆகவே தடிப்பைக் கூட்டி விறைப்பாக்கினர். பிடி வளையாததால் இழந்த நீளத்தை, கிளைகளை அகலமாக்கி ஈடு செய்தனர். எழுத்தறியாத அம்மக்கள் கண்ட இத்தீர்வை, இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டது.

அக்கணக்கைப் போட்டவர்களுள் முதல்வர் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அமெரிக்க இயற்பியலார். ராக்கெட் அறிஞர் கோடார்டுடன் பணியாற்றியவர் அவர். 1929-ஆம் ஆண்டு முதல் வில்லின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். வளையும் கிளையை, கீல் வைத்த விறைப்பான கோலாகப் பாவித்து, அம்பின் வேகத்தைக் கணக்கிட்டார். கிளையின் வெட்டுமுகம் உருண்டையாக இருப்பதைவிடத் தட்டையாக இருப்பதே நன்று என்று அவர் காட்டியபின், அமெரிக்க விற்களின் வடிவமே மாறிற்று. பால் குளோப்ஸ்டெக் என்பவர் 1934-இல் துருக்கி வில்லைப் பற்றி நூல் எழுதினார். கிளைகளை ஓட்டுவதில் கழியும் ஆற்றலை, அம்போடு சேர்ந்து ஓடும் ஒரு கற்பனைச் சுமையாகக் கொள்ளலாம் என்று காட்டியவரும் அவரே. நான் முன்பு சொன்ன வண்டிமாட்டுத் தீனி இதுதான்.

இன்றைய பந்தய வில்லில் பிடியும் கிளைகளும் தனித்தனியே கழற்றக்கூடியவை. பிடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. 23, 25, 27 அங்குல நீளங்களில் வருகிறது. கிளைகள் குறியவை, நடுத்தரமானவை, நெடியவை என்று மூன்று அளவில் வருகின்றன. 25 அங்குலப் பிடியில் நடுத்தரக் கிளைகளைப் பூட்டினால் வில்லின் நீளம் 68 அங்குலம். 23 அங்குலப் பிடியில் நெடிய கிளைகளைப் பூட்டினாலும் அதே 68 அங்குலம். அளவுகோல் இரண்டையும் ஒன்றென்று சொல்லும். கை அவ்வாறு சொல்லாது. முன்னதில் கனத்த நடுப்பகுதி நீண்டது, அசையாமல் நிற்கும். கிளைகள் சிறியவை, விரைந்து மீளும். பின்னதில் வளையும் பகுதி அதிகம்; நீண்ட கை உடையவர் முழுதும் இழுக்கும்போது கடைசியில் விறைக்காமல் இணங்கிக் கொடுக்கும். ஒரே கிளைகளைக் கழற்றிக் குட்டைப் பிடியில் பூட்டினாலோ, அவை மேலும் வளைய வேண்டியிருப்பதால் இழுவிசை ஓரிரு பவுண்டு ஏறும். ஆகவே இன்றைய பயிற்சியாளர் "எது நல்ல வில்?" என்று கேட்பதில்லை. "உன் கை எவ்வளவு நீளம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்.

புருவத்தில் தையலோடு அந்தப் பையன் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று, நான் ஆய்வுக்கூடத்திலிருந்து சுருள்வில் தராசு ஒன்றை எடுத்து வந்தேன். ஒரே மூங்கிலிலிருந்து இரண்டு விற்கள் செய்தோம்; ஒன்று நெடியது, ஒன்று குறியது. விட்டத்தில் மாட்டி, ஒவ்வோர் அங்குலத்துக்கும் இழுவிசையைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் வரைந்தோம். குறுவில்லின் கோடு கடைசியில் செங்குத்தாக ஏறுவதைக் கண்டதும், அந்தப் பையன், "ஐயா, இந்த இடத்தில்தான் அது முறிந்தது!" என்று கூவினான். அன்றைய பாடத்தை அவனே நடத்தினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாணவர்களே, வில் இன்று போர்க்களத்தில் இல்லை. 1595-இல் இங்கிலாந்தின் ஆட்சிக் குழுவே, பயிற்சிப் படையினர் வில்லை விட்டுத் துப்பாக்கியை ஏற்குமாறு ஆணையிட்டுவிட்டது. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் பழையதாகவில்லை. நெடியது நெடியது என்பதற்காகவே சிறந்ததாகாது. குறியது விரைவானது என்பதற்காகவே உயர்ந்ததாகாது. யாருடைய கைக்கு, எந்த மண்ணில், எந்த அம்புக்கு என்று கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். உங்களைவிட மூத்தவர் ஒருவர், உங்கள் ஆசிரியராகவே இருக்கட்டும், "இதுதான் சிறந்தது" என்று அறுதியிட்டுச் சொன்னால், பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள்; பிறகு அளந்து பாருங்கள். அளந்து பார்க்கும் முன்பு அறுக்காதீர்கள். அந்த மாணவனைக் கடிந்துகொள்ளும் முன்பே தராசை எடுத்திருந்தேனானால், அவன் புருவத்தில் அந்தத் தழும்பு இருந்திராது.